சபரகமுவத் தோட்டங்களில் குற்றமும் அச்சமும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அச்சம் பிறக்கும் நிலைக்களங்களை நான்காக வகுத்துரைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அணங்காவது கண்ணுக்குப் புலனாகாது வருத்தும் ஆற்றல். இறையாவார் நம்மை ஆளும் தலைவர். இந்நான்கனுள் கள்வரால் வரும் அச்சம் ஒன்றே இக்காலத்துக் குற்றவியலார் 'குற்றம் பற்றிய அச்சம்' என்று வழங்குவதனுள் நேரே அடங்கும். ஏனைய மூன்றும் பொலிஸ் நிலையத்துப் பதிவேட்டில் ஏறுவன அல்ல. எனினும், இரவிலே கதவைத் தாழிடும் மனிதன் இந்நான்கையும் வெவ்வேறாகப் பிரித்தறிந்து தாழிடுவதில்லை. அவனுக்கு அச்சம் ஒன்றே. அது எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது வரலாற்று மாணவன் கடமை.

ஓர் ஊரிலே குற்றம் எவ்வளவு, அவ்வூரார் கொள்ளும் அச்சம் எவ்வளவு, இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒத்துச் செல்கின்றனவா என்னும் வினா மேனாட்டு நகரங்களிலே நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது. சிக்காகோ நகரத்தை ஆராய்ந்த சோ, மக்கே என்னும் இருவரும் 1942ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே வியத்தகு செய்தியொன்றை நிறுவினர். அந்நகரின் சில பகுதிகளிலே ஓரினத்தார் நீங்கி வேறோரினத்தார் குடியேறிய பின்னரும் இளைஞர் குற்றம் அதே பகுதிகளில் மிகுதியாகவே நிலைத்து நின்றது. ஆகவே குற்றம் குருதியோடு வருவதன்று, குடியிருப்பின் நிலைமையோடு வருவது என்பது அவர்கள் கண்ட முடிபு. பின்னர், 1982இல் பிரித்தானியாவிலே தொடங்கிய குற்ற ஆய்வு, பொலிஸாரிடம் சென்று கேளாமல் வீடுவீடாகச் சென்று மக்களையே கேட்டது. பொலிஸாரிடம் சொல்லப்படாத குற்றங்கள் மிகப் பல என்பதும், அச்சம் மிக்கோர் எல்லாரும் குற்றத்துக்கு மிகுதியாக ஆளானோர் அல்லர் என்பதும் அதனால் வெளிப்பட்டன.

இவ்வாய்வுகள் யாவும் நகரத்தைப் பற்றியன. நம் நாட்டிலே இவ்வினாவை எழுப்புவதற்கு நகரத்தினும் தக்க களம் ஒன்றுண்டு. அது சபரகமுவ மாகாணத்துத் தோட்டப்புறம். ஓரகலச் சாலைக்கு அப்பாலும் இப்பாலும், தோட்டத்து லயமும் சிங்களக் கிராமமும் கடைவீதியும் இரத்தினக்கல் அகழும் குழிகளும் அருகருகே கிடக்கும் நிலம் அது. அங்கே குற்றமும் அச்சமும் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண் நிலத்தியல்பை அறிதல் வேண்டும். இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களையும் கொண்ட சபரகமுவ மாகாணம் 1889ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக அமைக்கப்பட்டது. கோப்பிப் பயிர் 1869இல் தோன்றிய இலைநோயால் அழிந்த பின்னர் மலைநாட்டின் உயர்ந்த சரிவுகள் தேயிலைக்குரியவாயின. சபரகமுவத்தின் தாழ்ந்த, வெப்பமும் மழையும் மிக்க குன்றுகளோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெரும்பாலும் இறப்பருக்குரியவாயின. எட்டியாந்தோட்டை, தெகியோவிட்டை, தெரணியகலை, இறுவான்வெல்லை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என்னும் ஊர்களைச் சூழ்ந்து தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த தொழிலாளர் லயங்களிற் குடியேறினர்.

நுவரெலியா மாவட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அங்கே மலைக்குமேல் மலையாகத் தோட்டங்கள் தொடர்ந்து கிடக்கின்றன. ஒருவர் பல கல் தொலைவு நடப்பினும் தம் மொழி பேசுவோரையே காண்பர். இங்கே தோட்டங்கள் கிராமங்களினிடையே தீவுகள் போலச் சிதறிக் கிடக்கின்றன. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றபோது அவற்றுள் ஒன்றேனும் சபரகமுவத்தில் இல்லை. இறுவான்வெல்லைத் தொகுதி சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா அவர்களைத் தெரிந்தது. எண்ணிக்கையிற் சிறியராய், சிதறியவராய், அயலாரோடு கலந்தும் கலவாதும் வாழ்ந்தமையே இம்மக்களின் தனிநிலை. இந்நிலையை மனத்திற்கொண்டே இனி வருவனவற்றைப் படித்தல் வேண்டும்.

நான்கச்சத்துள் விலங்கச்சமே காலத்தால் முந்தியது. கோப்பிக் காலத்திலே மன்னாரிலிருந்து காடுவழியாக நடந்து மலையேறிய தொழிலாளர் யானைக்கும் கரடிக்கும் அஞ்சினர். அவற்றினும் மிகுதியாக அவர்களைக் கொன்றவை வாந்திபேதியும் காய்ச்சலும் பசியுமே. 1914இல் தலைமன்னார்ப் புகைவண்டிப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் இணைந்தபின் அந்நடைப்பயணத்தின் கதை முதியோர் நினைவாக ஒடுங்கியது. இற்றைநாளிலும் விலங்கச்சம் முற்றாக ஒழிந்ததன்று. கொழுந்து பறிப்போரைக் குளவி கொட்டி உயிர் போவதும், இறப்பர்க் காட்டிலே விடியற்காலை இருளிற் பால் வெட்டச் செல்வோர் பாம்பு கடித்து மாள்வதும் உண்டு. ஆயினும் விலங்கச்சத்துக்கு ஒரு நேர்மை உண்டு. அஞ்சப்படும் பொருள் இருக்கும் அளவுக்கே அச்சமும் இருக்கும். குளவிக் கூடு எங்கே தொங்குகின்றது என்பதை மலையில் வேலைசெய்வோர் அறிவர். அதற்கேற்ப விலகி நடப்பர். அதைச் சொல்வதற்கு எவரும் அஞ்சுவதில்லை. இக்குறிப்பை நினைவில் வைத்தல் நன்று.

அடுத்தது இறையச்சம். தோட்டத்து மக்களுக்கு இறை என்பது கொழும்பிலிருந்த அரசு மட்டுமன்று. துரை, பெரிய கங்காணி, நீதவான், பொலிஸ் என்னும் படிகளெல்லாம் இறையே. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதையும் வேலை செய்ய மறுப்பதையும் மேலாளருக்கு அடங்காமையையும் குற்றங்களாக்கிற்று. அவற்றுக்கு மூன்று மாதம் வரையிற் சிறைத்தண்டனையும் விதிக்கலாம். நகரத்து வணிகர் இருவர் ஒப்பந்தத்தை மீறினால் அது நட்டஈட்டு வழக்கு. தோட்டத்துத் தொழிலாளி மீறினால் அதுவே சிறைக்குரிய குற்றம். கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்தார் அவனை ஏற்கவும் மாட்டார். இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிந்தது.

இதனால் நாம் பெறும் பாடம் யாது? அக்காலத்து நீதவான் மன்றுகளின் புத்தகங்களைப் பார்த்து, 'தோட்டத்தாரிடையே குற்றம் மிகுதி' என்று ஒருவர் எழுதுவாராயின், அவர் எண்ணியது களவையும் கொலையையும் மட்டுமன்று. ஓடிப்போதலையும் சேர்த்தே எண்ணியிருப்பார். பசி பொறாமலோ அடி பொறாமலோ ஓடியவன் அப்புத்தகத்திலே குற்றவாளி. அவனை ஓடச்செய்த அச்சத்துக்கு அப்புத்தகத்தில் நிரலே இல்லை. குற்றத்தின் எண்ணிக்கை என்பது மக்கள் ஒழுக்கத்தின் அளவுகோலன்று. எதனைக் குற்றமென்று கொள்வது என்பதை முடிவுசெய்தவர் கையிலிருந்த அளவுகோல் அது.

அவ்வளவுகோல் 1921உடன் முறிந்துவிடவில்லை. 1946ஆம் ஆண்டு கேகாலை மாவட்டத்திலே நேவ்ஸ்மியர் என்னும் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்காக அரசினரால் எடுத்துக்கொள்ளப்பட்டது. தமிழர் அதனை உருளவள்ளி என்பர். அங்கிருந்த தொழிலாளர் தம் லயத்து அறைகளைவிட்டு நீங்குமாறு பணிக்கப்பட்டனர். நீங்காதவர்மீது அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. பிறந்த அறையிலே இருந்தமையே குற்றமாயிற்று. அதனை எதிர்த்து அவ்வாண்டு ஜூன் மாதத்திலே கேகாலையிலும் அதற்கப்பாலும் பல தோட்டங்களில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. உருளவள்ளிப் போராட்டம் என்று மலையக வரலாறு போற்றுவது இதனையே. இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் 1950ஆம் ஆண்டு, செல்வநாயகம் என்பாருடைய மேன்முறையீட்டில், தமக்கு உரிமையுண்டு என நேர்மையாக நம்பி நிலத்திற் புகுவோர், அதனால் உடைமைக்காரருக்குத் தொல்லை நேருமென்று அறிந்திருந்த காரணத்தால் மட்டும் குற்றவாளியாகார் எனத் தீர்ப்பளித்தது. அந்நம்பிக்கை சட்டத்தின்படி பிழையானதாயினும் அவ்வாறே என்பது அத்தீர்ப்பின் சிறப்பு.

இத்தீர்ப்பு வருவதற்கு முன்னரே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1988, 2003ஆம் ஆண்டுகளிலேயே நிறைவேறின. குடியுரிமையில்லாதவன் பொலிஸ் நிலையத்தின் படியேறும்போது முறைப்பாட்டுக்காரனாக ஏறுவதில்லை. தன்னையே விசாரிப்பரோ என்னும் ஐயத்தோடு ஏறுவான். இறையச்சத்தின் உட்பொருள் இதுவே. நீதி வழங்கவேண்டிய வாயிலே அச்சத்தின் வாயிலாகிவிடின், ஏனைய மூன்று அச்சங்களுக்கும் மருந்தில்லை.

இனிக் கள்வரச்சத்துக்கு வருவோம். ஈண்டுக் கள்வர் என்றது உடைமையைக் கவர்வாரை மட்டுமன்று. கூட்டமாக வந்து தீவைப்பாரையும் அடக்கிற்று. 1977ஆம் ஆண்டு ஜூலைப் பொதுத் தேர்தலையடுத்து ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நாடெங்கும் தமிழருக்கெதிராக வன்செயல் பரவியபோது, அரசியற் பூசலோடு எவ்விதத் தொடர்புமில்லாத தோட்டத்து மக்களும் தாக்குண்டனர். அவ்வன்செயலை விசாரிக்க முன்னாட் பிரதம நீதியரசர் எம். சி. சன்சோனி அவர்கள் தனியொருவராக ஆணைக்குழுவாக நியமிக்கப்பட்டார். அவருடைய அறிக்கை 1980இல் வெளிவந்தது. அறிக்கையின் மை உலருமுன் 1981 ஆகஸ்டிலே மீண்டும் தீ மூண்டது. இம்முறை இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களே அதன் முதன்மைக் களங்களுள் அடங்கின. இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலே கடைகள் எரிந்தன, லயங்கள் சூறையாடப்பட்டன, தொழிலாளர் காட்டிலும் கோயிலிலும் ஒளிந்தனர். ஆகஸ்ட் 17ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அவ்வாண்டு இலங்கைக்கு வந்து ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் வர்ஜீனியா லியரி, அனைத்துலகச் சட்டவல்லுநர் ஆணைக்குழுவின் சார்பில் எழுதிய அறிக்கையில் இவ்வன்செயலையும் பதிந்துள்ளார். ஈராண்டு கழித்து 1983 ஜூலையிலும் இம்மாகாணம் தப்பவில்லை.

இந்நிகழ்ச்சிகளைக் கூறும்போது இரண்டு உண்மைகளை மறத்தலாகாது. அயற்கிராமத்திலிருந்து வந்தோர் சிலர் தீவைத்தனர். அயற்கிராமத்தவர் சிலரே புகலுமளித்தனர். வீட்டுப் பின்னறையிலே தமிழ்க் குடும்பத்தை மறைத்துவைத்து உணவூட்டிய சிங்கள அன்னையரைப் பற்றிச் சபரகமுவத்துத் தோட்டங்களில் இன்றும் பேசுவர். ஆதலின் இக்குற்றத்தை ஓரினத்தின் இயல்பென்று எழுதுவது சிக்காகோ ஆய்வாளர் விலக்கிய பிழையையே நாம் செய்வதாகும். மற்றொன்று, இவ்வன்செயல்கள் ஆண்டில் முந்நூற்றறுபத்தைந்து நாளும் நிகழ்ந்தவை அல்ல. ஆண்டுக்கணக்கை எடுத்துப் பார்ப்பின் தோட்டத்திலே பெரும்பான்மையான நாட்கள் அமைதியாகவே கழிந்தன. ஆயினும் ஒருமுறை எரிந்த லயத்திலே படுத்துறங்குவோர்க்கு அமைதியான நாளும் காத்திருக்கும் நாளே. தொலைவிற் கேட்கும் லொறியின் ஓசையும் கடைவீதியிற் கூடிய கூட்டமும் அச்சத்தைத் தரும். குற்றம் சில நாளில் முடியும். அச்சம் ஒரு தலைமுறையைக் கடந்தும் செல்லும்.

அவ்வச்சத்தின் அளவைக் காட்டும் ஆவணம் எங்கேயுள்ளது? அது மக்களின் கால்களிலே உள்ளது. 1977க்குப் பின்னரும் 1981க்குப் பின்னரும் தோட்டங்களைவிட்டு வவுனியா முதலிய வடபுல மாவட்டங்களுக்குச் சென்று காடு திருத்திக் குடியேறியோர் பலர். மருத்துவர் இராசசுந்தரம், கட்டடக்கலைஞர் டேவிட் ஆகியோர் நடாத்திய காந்தீயம் இயக்கம் அவர்களுட் பலருக்குக் கைகொடுத்தது. நாட்டிலே இந்திய வம்சாவளித் தமிழர் தொகை 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே ஏறத்தாழப் பதினொரு இலட்சத்து எழுபத்தையாயிரம். 1981இல் ஏறத்தாழ எட்டு இலட்சத்துப் பத்தொன்பதாயிரம். இக்குறைவுக்குப் பெருங்காரணம் ஒப்பந்தத்தின்படி நிகழ்ந்த நாடுதிரும்பலே. அதனை முழுதும் அச்சத்தின் கணக்கில் எழுதுதல் பிழை. எனினும் நாடுதிரும்ப விண்ணப்பித்த ஒவ்வொருவர் மனத்திலும் இங்கே பாதுகாப்பில்லை என்னும் எண்ணம் எவ்வளவு இடம்பெற்றது என்று எந்த மதிப்பீட்டாளரும் கேட்டாரல்லர். பொலிஸ் புத்தகத்தில் எழுதாத முறைப்பாட்டை அவர்கள் நடந்து எழுதினார்கள் எனலாம்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்று இதனை மேலும் விளக்கும். கேகாலை மாவட்டத்துத் தெரணியகலைக்கு அணித்தாயுள்ள நூரித் தோட்டத்தின் அத்தியட்சகர் நிகால் பெரேரா 2013 ஜூலை 5ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டார். தெரணியகலைப் பிரதேச சபையின் தலைவராயிருந்தவரும் அவரோடு சேர்ந்தோரும் கைதாயினர். 2016இல் அவிசாவளை மேல் நீதிமன்றம் பதினெண்மரைக் குற்றவாளிகளெனக் கண்டு மரணதண்டனை விதித்தது. இவ்வழக்கிலே நாம் கருதவேண்டியது கொலை மட்டுமன்று. கொலை நிகழ்ந்த பின்னரே, அத்தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகளாக ஒரு கும்பலின் மிரட்டலுக்கும் கொள்ளைக்கும் மானக்கேட்டுக்கும் உள்ளாகி வாய்திறவாது வாழ்ந்த செய்தி நாட்டுக்குத் தெரியவந்தது. உள்ளூர் ஆட்சியின் தலைமையிலே இருந்தவரைப் பற்றி எவரிடம் சென்று முறையிடுவது? அத்தோட்டத்திலே கள்வரச்சமும் இறையச்சமும் ஒன்றாய்விட்டன. துரையொருவர் கொல்லப்பட்டமையால் நாடு திரும்பிப் பார்த்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் லயத்துப் பெண்ணொருத்தியின் கண்ணீருக்காக எவரும் திரும்பிப் பார்த்திலர். அவ்வாண்டுகளின் பதிவேட்டைப் புரட்டும் ஆய்வாளன் அங்கே அமைதி நிலவியது என்றே எழுதியிருப்பான்.

நான்காவது அணங்கச்சம். இரத்தினபுரி மாவட்டத்துக் காவத்தையை அடுத்த கொட்டகெத்தனைப் பகுதியிலே 2008ஆம் ஆண்டு முதலாகப் பத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொலையுண்டனர். தனித்திருந்த மூத்த பெண்களே அவர்களுட் பலர். ஆண்டுகள் பல கடந்தும் கொலைகள் நிற்காமையால், கொலையாளர் மனிதரோ பிறிதோ என்னும் பேச்சு எழுந்தது. 2011 ஆகஸ்டிலே உடம்பெங்கும் எண்ணெய்க்களி பூசிக்கொண்டு பெண்கள்மீது பாயும் 'கிறீஸ் பூதம்' பற்றிய வதந்தி நாடெங்கும் பரவியது. மலையகத் தோட்டங்களிலே ஆடவர் தடியேந்தி இரவெல்லாம் காவலிருந்தனர். பெண்கள் பொழுதுபடுமுன் லயத்துக்குத் திரும்பினர். புத்தளத்திலே கூட்டத்தினரின் கையாற் பொலிஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் மக்களும் படையினரும் மோதினர்.

படித்தோர் இதனைப் பாமரர் மூடநம்பிக்கை என்று நகைத்துத் தள்ளினர். யான் அவ்வாறு கருதவில்லை. பூதம் எங்கெங்கே மிகுதியாகக் காணப்பட்டது என்று நோக்குக. தோட்டங்களிலும், கிழக்கின் முஸ்லிம் கிராமங்களிலும், போர் ஓய்ந்த வடபுலத்திலும், சுருங்கச் சொல்லின் பொலிஸ் நிலையத்தைத் தமக்குரியதென்று நம்பாத மக்கள் வாழுமிடங்களிலே அப்பேச்சு வலுப்பெற்றது. பிடிபட்டவனைப் பொலிஸார் விடுவித்துவிடுவர் என்னும் ஐயமே கூட்டத்தைத் தானே தண்டிக்குமாறு தூண்டியது. பெயர் தெரியாத அச்சத்துக்கு மக்கள் இட்ட பெயரே பூதம். அதன் விளைவு கொடிது, அப்பாவிகளும் அடிபட்டனர், அதனை எவ்வாற்றானும் நியாயப்படுத்தல் ஒண்ணாது. ஆனால் காரணத்தை அறியாமற் கண்டிப்பதால் அடுத்த பூதம் வாராதிருக்கப் போவதில்லை.

இதுகாறும் வெளியிலிருந்து வந்த அச்சங்களையே கூறினோம். தோட்டத்துக்குள்ளே குற்றம் இல்லையோ எனின், உண்டு. குடியும், கசிப்பும், கடன்பூசலும், மனைவியை அடித்தலும் லயத்திலே பழையன. சுவரொன்று பகிர்ந்து வாழும் லயத்திலே ஓரறையின் அழுகுரல் எல்லா அறைக்கும் கேட்கும். எனினும் அது 'வீட்டு விவகாரம்' என்று விடப்படும். சிறுகளவு நேர்ந்தால் தோட்டத் தலைவர் முன்னிலையிலே பேசித் தீர்ப்பர். தீராவிடின் மாரியம்மன் கோயிலிலே கற்பூரம் ஏற்றிச் சத்தியஞ் செய்விப்பர். பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சிக் களவுப் பொருளைத் திருப்பி வைத்தாரும் உளர். இம்முறை அன்புடையது, செலவற்றது, மொழிச் சிக்கல் இல்லாதது. ஆயினும் அதில் ஒரு குறையுண்டு. அத்தீர்ப்பு மன்றிலே அமர்ந்தோர் அனைவரும் ஆடவர். சேவலொன்றைப் பறிகொடுத்தவன் அங்கே நீதி பெற்றான். கணவனால் கையொடிக்கப்பட்டவள் பெற்றாளில்லை. பொலிஸின் முன் தோட்டத்து மக்கள் எந்நிலையிலிருந்தனரோ, அந்நிலையிலேயே தோட்டத்து மன்றின் முன் பெண்கள் இருந்தனர். பிறர் நமக்குச் செய்த குறையை எடுத்துரைக்கும் நாம், நாம் நம்மவர்க்குச் செய்த குறையை மறைத்தல் அறமன்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். அச்சத்தின் அளவைத் தீர்மானிப்பது குற்றத்தின் எண்ணிக்கையன்று. முறையிடுவதற்கு ஓரிடம் உண்டா இல்லையா என்பதே. குளவிக்கு அஞ்சுவோர் அதனை வாய்விட்டுச் சொல்வர். ஆகவே அவ்வச்சம் அளவோடு நிற்கும். இறைக்கு அஞ்சுவோரும் இறையோடு சேர்ந்த கள்வருக்கு அஞ்சுவோரும் சொல்ல இடமின்றி அடக்குவர். அடக்கிய அச்சம் ஒருகால் ஊர்விட்டு ஓடச்செய்யும், ஒருகால் பூதமாக வெளிப்படும். ஆதலின், ஒரு பகுதியிலே முறைப்பாடுகள் குறைவு என்னும் செய்தியைக் கேட்டவுடன் அங்கே குற்றம் குறைவு என்று மகிழ்தல் கூடாது. அங்கே முறையிடும் வழி திறந்துள்ளதா என்று முதலிற் கேட்டல் வேண்டும்.

அவ்வழி சபரகமுவத்திலே இன்றும் முழுதும் திறந்ததாகக் கூறமுடியாது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆயினும் தோட்டத்துத் தாயொருத்தி பொலிஸ் நிலையத்திலே தான் தமிழிற் கூறியது தமிழிலேயே எழுதப்பட்டு, அதனைப் படித்துப்பார்த்துக் கையொப்பமிடுவது இம்மாகாணத்திலே இன்னும் எளிதான காரியமன்று. தனக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளிலே பெருவிரலை ஒற்றி வருபவளுக்கு, அத்தாளில் இருப்பது தன் சொல்லே என்று எவ்வாறு தெரியும்? அவள் வாழும் அறைக்கும் பெரும்பாலும் உறுதியில்லை. 1946இல் உருளவள்ளியில் எழுந்த வினா, இவ்வறை யாருடையது என்னும் வினா, இன்னும் பல லயங்களில் விடைபெறாது நிற்கின்றது.

வள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்னும் அதிகாரங்களோடு அமையாது 'வெருவந்த செய்யாமை' என்று தனியே ஓரதிகாரம் வகுத்தமை சிந்திக்கத்தக்கது. குடிகள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாதிருத்தல் அரசின் இயல்புகளுள் ஒன்றாக அவர் கருதினார். கள்வரை ஒறுத்தல் மட்டும் ஆட்சியாகாது. குடிமகன் அச்சமின்றி வாயிலுக்கு வருமாறு செய்தலும் ஆட்சியே.

இது அரசுக்குரிய கடமை. நமக்குரிய கடமையும் ஒன்றுண்டு. சபரகமுவத் தோட்டங்களிலே 1977ஐயும் 1981ஐயும் நேரிற் கண்ட முதியோர் இன்னும் சிலரே உள்ளனர். அவர்கள் எவ்விரவில் எங்கே ஒளிந்தனர், யார் கதவைத் திறந்தனர், யார் மூடினர், பின்னர் ஏன் தங்கினர் அல்லது ஏன் சென்றனர் என்பன எப்பொலிஸ் புத்தகத்திலும் இல்லை. வரலாறு கற்கும் மாணவர் விடுமுறை நாட்களிலே அம்முதியோரிடம் அமர்ந்து, அவர்கள் சொன்னவாறே அவர்கள் மொழியிலே எழுதிவைப்பாராயின், அதுவே ஒரு நல்ல தொடக்கமாகும். நம் கல்லூரிகளிலே தோட்டத்திலிருந்து வந்து கற்கும் பிள்ளைகளும் உளர். அவர்களுக்கு இவ்வேலை எவர்க்கும் முன்னே உரியது. தாம் சொன்னதை ஒருவர் கேட்டு, எழுதி, மீளப் படித்துக் காட்டினார் என்பதே அம்முதியோர் வாழ்நாளிற் பெறாத நீதியின் ஒரு பங்காகும்.